முதலில் கைமாறியது தொலைபேசி

சேலம் அம்மாபேட்டையில் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவை முடித்து, சில ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்த்த பின் தொடங்கிய கடை. முதலில் நானும் ஓர் உதவியாளரும் மட்டுமே இருந்தோம். இன்று, மூத்த மெக்கானிக் ஒருவரும் உதவியாளர் ஒருவருமாக, கீழே நகரத்தில் மூன்று ஜோடிகளும் மேலே ஏற்காட்டில் ஒரு ஜோடியும் வேலைக்குச் செல்கின்றன. இது பெரிய வளர்ச்சி ஒன்றுமில்லை. ஆனாலும், நாள் முழுக்க ஓடியும் வருமானம் ஒரே இடத்தில் நிற்கிறதே என்று என்னிடம் கேட்கும் எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் ஆர்.ஓ. சர்வீஸ் செய்பவர்களும் இருப்பதால், எந்தப் பொறுப்பை எந்த வரிசையில் பிறர் கையில் கொடுத்தேன், ஏன் அந்த வரிசையில் கொடுத்தேன் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எங்களுக்கு மார்ச்சில் தொடங்கி ஜூன் பாதி வரை நீளும் கோடைதான் சீசன். ஒரு ஸ்பிளிட் ஏசியை முறையாக வாட்டர் சர்வீஸ் செய்வதென்றால், இன்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி, பிசிபி என்னும் மின்னணுப் பலகை மீது நீர் படாமல் மறைத்து, காயிலையும் புளோயரையும் கழுவி, பிறகு மாடிக்குப் போய் அவுட்டோரையும் கழுவிவர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கேஸ், அதாவது குளிரூட்டும் வாயு, கசிந்தால் நைட்ரஜன் ஏற்றிக் கசிவைத் தேடி, பற்றவைத்து, வாக்குவம் போட்டு (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), கேஸ் நிரப்பி முடிக்க அரை நாள் போய்விடும். இந்தக் கணக்கில் ஒருவர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய வேலைக்கு ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவைத் தாண்டிப் பார்க்க முயல்பவர் முதலில் குறைப்பது வாக்குவம் போடும் நேரத்தைத்தான், ஏனென்றால் அதைக் குறைத்தது வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்குள் தங்கிய காற்றும் ஈரமும் கம்ப்ரசரைச் சிறிது சிறிதாகக் கெடுத்து, அடுத்த கோடையில் அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும்போதுதான் தெரியவரும்.

ஆகவே ஆள் சேர்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பெரும்பாலோர் அந்த நிலையில் இன்னொரு மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். நான் அதற்கு முன் தொலைபேசிக்கு ஆள் வைத்தேன். இத்தொழிலில் என் அனுபவம் கற்றுக்கொடுத்த ஒன்று உண்டென்றால் இந்த வரிசைதான் என்று சொல்வேன். இரண்டாவது மெக்கானிக்கை வைத்துக்கொண்டு தொலைபேசியை நம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தால், காலையில் எங்கே போவது என்று அவர் நம்மைக் கேட்பார்; வீடு தெரியாமல் நம்மைக் கேட்பார்; வேலை முடிந்ததும் அடுத்தது எங்கே என்று மறுபடி நம்மைக் கேட்பார். வாடிக்கையாளரும் நம்மையே அழைப்பார். ஆள் கூடக் கூட அழைப்பும் கூடும். நாம் ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் தொலைபேசியுமாக இருப்போம். ஏப்ரல் மாதத்தில் எடுக்கப்படாத ஓர் அழைப்பு மறு நிமிடமே வேறொரு கடைக்குப் போய்விடும்.

எங்கள் தெருவில், ஜவுளிக்கடை ஒன்றில் பல ஆண்டுகள் பில் போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, வீட்டுக்கு அருகிலேயே வேலை கிடைத்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏசி பற்றி எதுவும் தெரியாது. ஆனால் தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்தவருக்குக் கோபத்தோடு பேசுபவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தொழில்நுட்பம் தெரிந்தவரைத் தொலைபேசியில் உட்காரவைப்பதில் ஒரு சிக்கலும் உண்டு: அவர் பழுதை அங்கிருந்தபடியே தீர்க்கப் பார்த்து, ஒரே அழைப்பில் கால் மணி நேரத்தைக் கழித்துவிடுவார்.

நான் அவருக்குச் செய்துகொடுத்தது கேள்விகள் எழுதிய ஒரு தாள் மட்டுமே. என்ன கம்பெனி, எத்தனை டன், வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று. குளிர்ச்சி இல்லை என்றால் வெளியே இருக்கும் யூனிட்டில் சத்தம் வருகிறதா, அதன் ஃபேன் சுற்றுகிறதா. உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா, குழாயில் பனி படர்ந்திருக்கிறதா. டிஸ்பிளேயில் ஏதாவது எண் தெரிகிறதா. அவுட்டோர் எந்த மாடியில், எங்கே நின்று கைவைக்க முடியும். வீட்டில் தண்ணீர் இருக்கிறதா. கடைசிக் கேள்வி வெளியூர்க்காரர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். மாநகராட்சிக் குடிநீர் நாள் விட்டு வரும் தெருக்களில், தண்ணீர் வராத நாளில் வாட்டர் சர்வீஸ் செய்யப் போனால், பிடித்துவைத்த தண்ணீரை அவுட்டோர் மீது அடிக்க எந்த வீட்டம்மாதான் சம்மதிப்பார்?

இந்தக் கேள்விகளால் பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடுகிறது. அவுட்டோரில் சத்தம் மட்டும் வருகிறது, ஃபேன் சுற்றவில்லை என்றால் கெபாசிட்டரையும் ஃபேன் மோட்டாரையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பனி படர்கிறது என்றால் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், கேஸ் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே அந்த வேலைக்கு வாக்குவம் பம்பும் சிலிண்டரும் உள்ள ஜோடியே போக வேண்டும். சுத்தமாக உயிரே இல்லை என்றால் பிசிபியைப் பார்க்க வேண்டும். அதற்குள் புகுந்து கருகிக் கிடக்கும் பல்லியை நான் எத்தனை வீடுகளில் எடுத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஸ்பேர் எடுக்கத் திரும்பி வரும் பயணம்தான் எங்கள் தொழிலில் யாரும் பில் போட முடியாத செலவு. அதைக் குறைத்தது எந்த மெக்கானிக்கின் திறமையும் இல்லை, அக்காவின் தாள்தான்.

நகரத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்ததும் அவருடைய பொறுப்பில் சேர்ந்தது. ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சூரமங்கலம் ஒரு பக்கம். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம், குகை, தாதகாப்பட்டி, சீலநாயக்கன்பட்டி இன்னொரு பக்கம். அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி, கோரிமேடு, அடிவாரம் வரை மூன்றாவது. ஒரு ஜோடி காலையில் சூரமங்கலத்திலும் மதியம் சீலநாயக்கன்பட்டியிலும் இருக்க நேர்ந்தால் அந்த நாளின் லாபம் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணை மின்நிலையத்தில் எந்த நாள் மின்தடை என்று செய்தித்தாளில் வருவதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதையும் அவரே தொடங்கினார். மின்சாரம் இல்லாத தெருவுக்கு ஏசி மெக்கானிக் போய் என்ன செய்வார்? இந்த யோசனை எனக்கு வந்ததில்லை.

இங்கே ஒரு சிறு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாம் இதன் மீதுதான் நிற்கிறது. வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்காக வைத்திருந்த என் எண்ணைத்தான் அக்காவிடம் கொடுத்தேன். எனக்குப் புது எண் வாங்கிக்கொண்டேன். கடைக்கு ஒரு புது எண் வாங்கி ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தால், பழைய வாடிக்கையாளர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் என்னையே அழைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். என் புது எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்தவர்களும் உண்டு. உறவினர்கள், கல்யாண வீட்டில் பார்த்தவர்கள், "ஏனுங்க, நீங்களே ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்களேன்" என்று உரிமையோடு கேட்பவர்கள். அவர்களிடமும், "அக்காகிட்டச் சொல்லுங்க, அவங்கதான் நேரம் ஒதுக்குவாங்க" என்றே சொன்னேன். என் மாமனார் வீட்டு ஃபிரிட்ஜும் அக்கா அழைப்புகளை எழுதும் நோட்டில் வரிசை எண் போட்டுத்தான் பழுதுபார்க்கப்பட்டது. அது பற்றி என் மனைவிக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் முதலாளியே வரிசையைக் கலைத்தால் மதியத்துக்குள் அந்த நோட்டுக்கு மதிப்பு இருக்காது. பொறுப்பைக் கொடுத்தவர் குறுக்கு வழியில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் சிறு கடைகளில் அடிக்கடி நடக்கிறது என்பது என் கருத்து. வேலையாட்கள் சரியில்லை என்று பிறகு குறைபட்டுப் பயனில்லை.

தொலைபேசி கைமாறிய பிறகுதான் மெக்கானிக்குகளைச் சேர்த்தேன். எங்கள் பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சு இருக்கிறது. முழுத் தேர்ச்சி பெற்ற ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை. அப்படி ஒருவர் இருந்தால் அவர் தனிக்கடை வைத்திருப்பார், அல்லது வளைகுடாவில் இருப்பார். ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வரும் பையன்களும், ஆத்தூர், வாழப்பாடி பக்கமிருந்து உதவியாளராக வரும் பையன்களும் கிடைக்கத்தான் செய்கிறார்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சிறு நிறுவனங்களும் விரும்பினால் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசின் திட்டம் ஏற்கிறது. தொகை சிறிதுதான், ஆனால் பதிவு செய்து பழகுநராக வரும் பையனின் வீட்டில் நம் கடையைப் பற்றிய மதிப்பு கூடுகிறது.

வேலையை ஆண்டுக்கணக்கில் பிரிக்காமல் வேலையின் வகையைக் கொண்டு பிரித்தேன். முதலில் வாட்டர் சர்வீஸ். அதைச் சொன்னபடி செய்யத் தெரிந்தவருக்கு மின்பகுதிகள்: கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார். அதன்பின் புது ஏசி மாட்டுவது, அதாவது சுவரில் துளையிடுவது, தாமிரக் குழாயை மடிப்பு விழாமல் வளைப்பது, பிளேர் நட்டை அளவாக இறுக்குவது. கடைசியில்தான் கேஸ் வேலை. ஒருவர் ஒரு படியைத் தாண்டிவிட்டார் என்று நான் மட்டும் முடிவு செய்வதில்லை. அவரோடு ஜோடியாகப் போகும் மூத்தவர் சொல்ல வேண்டும். மூத்தவருக்கு இதில் ஓர் அச்சம் வருவது இயல்பு. கூட வரும் தம்பிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டால் தனக்கு மதிப்புப் போய்விடுமோ என்று நினைப்பார். ஆகவே, தன்னோடு போகும் தம்பி கேஸ் வேலைக்குத் தேறினால் மூத்தவரின் சம்பளம் உயரும் என்று முன்பே சொல்லிவைத்தேன். சொல்லிக்கொடுப்பதற்குச் சம்பளம் இல்லாத இடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்; கூடப் போகும் பையன் ஆண்டுக்கணக்காக ஏணி பிடித்துக்கொண்டே இருப்பான்.

கேஸ் வேலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பழைய ஏசிகளில் ஆர் 22 என்ற கேஸ் இருக்கிறது. இடைக்காலத்தில் வந்தவற்றில் ஆர் 410ஏ. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர் 32. ஆர் 22க்கான எண்ணெயும் அழுத்தமும் மற்ற இரண்டுக்கும் பொருந்தா. ஆர் 410ஏ இரு வாயுக்களின் கலவை என்பதால் திரவமாகவே ஏற்ற வேண்டும். ஆர் 32 மெல்லத் தீப்பற்றக்கூடியது என்பதால் குழாயில் மிச்சம் இருக்கும்போது பற்றவைக்கும் தீயைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இவற்றை வாய்ப்பாடு போல் ஒப்பித்துவிடலாம். ஆனால் மே மாத மதியத்தில், இரண்டாம் மாடிச் சன்னல் விளிம்பில், கீழே வீட்டுக்காரர் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது கடைப்பிடிப்பது வேறு.

இங்கே மேற்பார்வை எப்படி என்ற கேள்வி வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போய்ப் பார்த்தால் ஆள் வைத்ததில் பொருளில்லை. போகாவிட்டால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதற்கு நான் கண்ட வழி, வேலையின் நடுவே எடுத்தே ஆக வேண்டிய சில படங்கள். குழாயில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் வாக்குவம் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கியதன் படம், கிளாம்ப் மீட்டரில் கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியர், இன்டோருக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. இந்த வேறுபாடு 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலும் வேலை சரியாக முடிந்திருக்கிறது என்று பொருள். படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும், இரவில் பார்ப்பேன். பையன்கள் முதலில் இதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாடிக்கையாளர், நீங்கள் வந்துபோனதிலிருந்துதான் கம்ப்ரசர் சத்தம் போடுகிறது என்று சண்டைக்கு வந்தபோது, அன்று எடுத்த ஆம்பியர் படமே அந்தப் பையனைக் காப்பாற்றியது. அதன்பின் நான் கேட்காமலேயே படங்கள் வந்தன.

பணத்தைப் பற்றி இனிச் சொல்லலாம். ஆள் சேர்க்கும் பலரும் வேலையைக் கொடுப்பார்கள், முடிவைக் கொடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னால், "அண்ணனைக் கேட்டுச் சொல்றேங்க" என்று பையன் தொலைபேசியை எடுப்பான். அந்தக் கணத்தில் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடுகிறது, இவனிடம் பேசிப் பயனில்லை, முதலாளியிடம் பேசினால் இன்னும் குறையும் என்று. அடுத்த முறை அவர் நேராக என்னைத்தான் கேட்பார். ஆகவே ஒவ்வொரு மூத்தவருக்கும் ஒரு வேலைக்கு 1,500 ரூபாய் வரை தாமே முடிவெடுக்கும் உரிமை உண்டு. அதற்குள் அவர் விலையைக் குறைக்கலாம், ஸ்பேரை இலவசமாகப் போடலாம், முன்பு செய்த வேலை சரியில்லை என்று தோன்றினால் பணம் வாங்காமல் திரும்பச் செய்யலாம். காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். நான் ஏன் என்று கேட்பதில்லை. உண்மையில் கேட்கத் தோன்றிய நாட்கள் இருந்தன. ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த உரிமை பெயரளவுக்கு ஆகிவிடும். மறுநாளே அவர் ஐம்பது ரூபாய்க்கும் என்னை அழைப்பார். மாதக் கடைசியில் நால்வருடைய கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். யாராவது ஒருவர் மட்டும் அதிகம் விட்டுக்கொடுத்திருந்தால், பெரும்பாலும் அவர் போகும் பகுதியில் விலைப்பட்டியல் பொருந்தவில்லை என்றோ, அவருக்கு ஒரு வேலை இன்னும் கைவரவில்லை என்றோதான் காரணம் இருக்கும்.

வசூலில் விட்டுக்கொடுப்பு கிடையாது. கடையின் க்யூஆர் அட்டை, அல்லது ரசீதுப் புத்தகத்தில் எழுதிய ரொக்கம். இரண்டைத் தவிர மூன்றாவது வழி இல்லை. ஒருவர் மீது நம்பிக்கை இருப்பதால் தளர்த்துவதும், இல்லாததால் இறுக்குவதும் கூடாது. எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் அவமானம் இல்லை.

இத்தொழிலில் எல்லா முதலாளிகளும் அஞ்சுவது ஒன்று உண்டு: பையன் வாடிக்கையாளரிடம் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் தனியாகப் போய் வேலை செய்துவருவது. எங்களிடமும் ஒருவர் அப்படிச் செய்தார். பிறகு தனிக்கடை வைத்துச் சில வீடுகளையும் கூடவே எடுத்துச் சென்றார். அதற்காகப் பல கடைகளில் வாடிக்கையாளரின் எண்ணைப் பையன்களிடமிருந்து மறைக்கிறார்கள், பையன்களை ஓரிடத்துக்கு இரண்டாம் முறை அனுப்புவதில்லை. நான் அதைச் செய்யவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரே ஆள் தொடர்ந்து போவதுதான் அந்த வீட்டுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது. எந்த அறையில் எந்த ஸ்டெபிலைசர் தொல்லை கொடுக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அதற்கு மாறாக, மறுபடி அழைக்கும் வீடுகளின் பில்லில் ஒரு பங்கு அந்த ஜோடிக்கு மாதக் கடைசியில் சேர்கிறது. ஞாயிறன்று திருட்டுத்தனமாகப் போய்ச் சம்பாதிப்பதைவிட, ஸ்பேரும் கருவிகளும் கடையுடையதாக இருக்கும்போது கிடைக்கும் இந்தப் பங்கு கணக்குப்படி நல்லது என்பதை அவர்களே போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் போக விரும்புபவர் போவார். நானும் ஒரு காலத்தில் பிறரிடமிருந்து கிளம்பி வந்தவன்தான்.

ஏற்காடு வேறு கதை. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. ஆனால் அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1,500 மீட்டர் உயரத்தில் ஏசி வேலை குறைவு. அங்கே கீசரும் இன்வெர்ட்டரும் விடுதிகளின் பெரிய ஃபிரிட்ஜுகளும்தான் வேலை. மே மாதக் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும் வேளையில், ஒரு விடுதியில் காலை ஆறு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்றால் அறை எடுத்தவர் எட்டு மணிக்குச் சண்டை போடுவார், விடுதிக்காரர் ஒன்பது மணிக்கு எங்களிடம் சண்டை போடுவார். கீழேயிருந்து ஒரு ஜோடி கிளம்பி, வண்டிகளின் வரிசையில் நின்று, மேலே போய்ப் பார்த்தால் தெர்மோஸ்டாட் மட்டும்தான் போயிருக்கும். அது கையில் இல்லாவிட்டால் மறுபடி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பாறை சரிந்து வழி அடைபட்டால் குப்பனூர்ப் பாதையைச் சுற்றி வர வேண்டும்.

ஆகவே மேலேயே ஒரு ஜோடியை வைத்தேன். மூத்தவர் நாகலூர்ப் பக்கத்துக்காரர். எஸ்டேட் பங்களா ஒன்றில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். ஒண்டிக்கடைக்கு அருகில் ஓர் அறை எடுத்து, ஹீட்டிங் எலிமென்ட், தெர்மோஸ்டாட், சேஃப்டி வால்வு, கெபாசிட்டர், ஃபிரிட்ஜ் ரிலே என்று ஓடும் ஸ்பேர் எல்லாவற்றையும் அங்கே அடுக்கினோம். கீழே ஒன்று இருந்தால் போதும் என்ற ஸ்பேர் அங்கே மூன்று இருக்க வேண்டும். அதில் முடங்கும் பணம் பெட்ரோலைவிடக் குறைவு.

மேலே வைத்த ஜோடிக்குக் கீழே உள்ளவர்களின் விதி பொருந்தவில்லை. காட்டுப் பக்கத்து விடுதிகளில் சிக்னல் கிடைப்பதில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவே வழியில்லை. ஒரு கீசரின் டேங்க் ஓட்டையாகிவிட்டது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும் என்றால் அது பல ஆயிரம் ரூபாய் முடிவு. அதையும் அவர் கையிலேயே விட்டேன்: விடுதி மேலாளரின் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பட்டியலில் உள்ள விலைக்கு மாற்றிவிடலாம், எனக்கு இரவில் தெரிந்தால் போதும். சேலத்து மூத்தவர்களுக்கு இதில் மனக்குறை வந்தது. எங்களுக்கு 1,500 ரூபாய், அவருக்கு மட்டும் வரம்பே இல்லையா என்று நேராகவே கேட்டார்கள். உங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறது, அவருக்கு எடுப்பதில்லை என்பதே என் பதில். பிறகு ஓர் ஆண்டு மேலேயும் கீழேயும் உள்ள கணக்கை ஒப்பிட்டுப் பார்த்ததில், மேலே எடுத்த பெரிய முடிவுகளில் நான் வேறுவிதமாக எடுத்திருப்பேன் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவாக இருந்தன. அந்தக் கணக்கைப் பார்த்தபின், கீழே உள்ளவர்களுடைய வரம்பை ஒப்பந்தச் சேவையில் உள்ள இடங்களுக்கு மட்டும் 5,000 ஆக்கினேன்.

ஏற்காட்டு ஜோடியோடு, தொலைபேசியில் அக்காவும் ஸ்பேர் அறையில் ஒரு தம்பியும் சேர, எங்கள் எண்ணிக்கை பத்தைத் தொட்டது. பத்துப் பேர் என்றால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீடு கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. இதற்கு அஞ்சி ஒன்பதிலேயே நிற்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். உயரத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலில், காலை முறித்துக்கொண்டவருக்குச் சிகிச்சையும் விடுப்புக்கால உதவியும் கிடைக்கும் ஓர் ஏற்பாட்டை இந்தத் தொகைக்கு வேறு எங்கும் வாங்க முடியாது. தவிரவும், இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிற வேலை என்றால் பெண் கொடுக்கும் வீட்டில் பையன்களுக்கு மதிப்பு. அது எங்களிடம் ஆள் தங்குவதற்கு நான் கொடுக்கும் எந்த ஊக்கத்தொகையையும்விடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வருங்கால வைப்புநிதி 20 பேர் ஆனால்தான் கட்டாயம். அது இன்னும் எங்களுக்கு வரவில்லை.

ஆள் கூடியதும் விலையையும் மாற்றியே ஆக வேண்டும். தனியாளாக இருக்கும்போது நம் உழைப்புக்கு நாம் கூலி போடுவதில்லை. பில்லில் ஸ்பேர் விலை போக மீதி எல்லாம் லாபம் போலத் தெரியும். அந்த விலையில் இன்னொருவருக்குச் சம்பளமும், அவர் வண்டிக்குப் பெட்ரோலும், தொலைபேசியில் உள்ளவருக்குச் சம்பளமும் கொடுத்தால் கையிலிருந்து போடவேண்டி வரும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வந்துவிடும், பழுதுபார்ப்புக்கு வரி 18 விழுக்காடு. ஆகவே முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முந்தைய கோடையிலேயே விலையை உயர்த்திவிட வேண்டும். உயர்த்தினால் யார் போகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்பது ஆள் சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடுவது நல்லது.

ஜூன் கடைசியில் மழை ஒன்று பெய்துவிட்டால் அழைப்புகள் சட்டென்று குறைந்துவிடும். அந்த நாட்களில் சம்பளம் குறைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. குறைத்தால் அடுத்த மார்ச்சில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். கோடையில் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பங்கு ஆடி, ஆவணி மாதச் சம்பளத்துக்காகத் தனிக் கணக்கில் போகிறது. ஆண்டு ஒப்பந்தத்தில் உள்ள வீடுகளின் இரண்டாவது சர்வீஸையும், ஜவுளிக்கடை, நகைக்கடை ஏசிகளையும் அந்த மாதங்களுக்கே ஒதுக்கச் சொல்லி அக்கா பேசிவிடுவார். தீபாவளிக்கு முன் முடிவது அவர்களுக்கும் வசதி. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை முடிந்து எல்லோரும் திரும்பிய பின், பழைய கம்ப்ரசர்களை அறுத்துத் திறந்து பார்ப்பது, வீணான பிசிபிகளை வைத்துப் பழகுவது என்று பயிற்சி நடக்கும். இப்போது அதை நடத்துபவர் சேலத்து மூத்தவர்களில் ஒருவர். நான் சில நாள் பார்வையாளனாக உட்காருவதுண்டு, பேசாமல் இருப்பதுதான் சிரமமாக இருக்கிறது.

என் கையில் இன்றும் இருப்பவை மூன்று வேலைகள்: பிப்ரவரியில் விலைப்பட்டியல் போடுவது, விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆண்டு ஒப்பந்தத் தொகை சொல்வது, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஸ்பேர் வாங்குவது. இவற்றில் ஒப்பந்தத் தொகை சொல்வதை வரும் ஆண்டில் ஏற்காட்டுக்காரரிடம் விடுவதாக இருக்கிறேன். அவர் தொகை சொன்ன இரண்டு விடுதிகளில், நான் பார்க்கத் தவறும் ஒன்றை அவர் பார்த்திருந்தார்: காப்பித் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா என்று கேட்டு, உப்புப் படியும் போர்வெல் விடுதிகளுக்கு எலிமென்ட் மாற்றும் செலவைக் கூட்டியே சொல்லியிருந்தார். ஸ்பேர் வாங்குவதை யாரிடம் விடுவது என்று இன்னும் தெரியவில்லை. கடன் தவணையும் கடைக்காரர் உறவும் சேர்ந்த வேலை அது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.